முப்பத்தொன்றோடு முடியாத ஏரி

கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் காலை நடை போகிற கோஷ்டி நாங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு போர்டு எழுத ஏற்பாடாயிற்று. ‘இந்த ஏரியில் 31 வகைப் பறவைகள்.’ அதன் அடியில் என் பெயர்!

வேறு யார் பெயர் வரும்? எண்ணியவன் நானல்லவா? இருபது காலை, எண்ணூற்றுப் பன்னிரண்டு பறவைகள், முப்பத்தொரு வகை. முப்பத்து நாலு வருஷம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் சும்மா நடப்பானா?

பெயின்டர் பிரஷ்ஷை எடுக்கிற நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஏழுமலை. உள்ளூர்க்காரர். பஸ் ஸ்டாப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் சுற்றி ஏழெட்டுப் பேர். என் பெஞ்சில்... நானும் என் நோட்டும். பொறாமையா என்கிறீர்களா? ஆமாம், பொறாமைதான்.

“இன்னா புரொபசர் சார், முப்பத்தொண்ணோட ஏரி முடிஞ்சிபோச்சா?”

“நோட்டு இருக்கு, ஏழுமலை. எண்ணிப் பாத்தாச்சு.”

“கோச்சிக்காத சார். அதுல ஒரே ஒரு தபா மட்டும் பாத்த வகை எத்தினி?”

புரட்டினேன். ஒன்பது.

“அப்போ நீ பாக்காதது இன்னும் கீது. என் கடைக்கு வந்த மூஞ்சியே திரும்பத் திரும்ப வந்துகினு இருந்தா, ஏரியா மொத்தமும் வந்துட்டுதுன்னு அர்த்தம். ஒரு தபா மட்டும் வந்த மூஞ்சி நெறைய இருந்தா? வராத மூஞ்சியும் வெளிய நெறைய கீது சார்!”

“அண்ணா, இனிமே நீங்கதான் புரொபசர்!” என்றார் டீச்சரம்மா ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

ஏன் தெரியுமா? அவர் சொன்னது என் பாடம்! முழு ஏரி நமக்குத் தெரியாது. அதனால் கையிலிருக்கும் சாம்பிளையே முழு ஏரி என்று வைத்துக்கொண்டு விடையைக் கணக்கிடுகிறோம். இதற்குப் பெயர் பிளக்-இன் எஸ்டிமேட்டர். நூறு பறவையில் எத்தனை கொக்கு என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லும். மொத்தம் எத்தனை வகை என்று கேட்டால்? கண்ணில் படாததைச் சாம்பிள் எப்படி எண்ணும்? விடை குறைவாக வரலாம், கூடுதலாக வரவே வராது. வருஷா வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிய கை, ஏரிக்கரைக்கு வந்ததும் மறந்துவிட்டது. சொந்தப் பெயர் போர்டில் ஏறப்போகிறது என்றால் எதுதான் மறக்காது?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘கடைக் கணக்கு வேறு, புள்ளியியல் வேறு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். போர்டும் என் பெயரும் பிழைத்திருக்கும். வாய் வரை வந்தது...

விழுங்கினேன்.

“ஏழுமலை சொல்றது சரி. என் கணக்குதான் தப்பு” என்றேன். பெயின்டரிடம் திரும்பி, “‘இதுவரை கண்டவை 31’னு எழுதுங்க. கீழே அவர் பெயரையும் சேத்துக்கோங்க.”

ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். “பெரிய மனசு சார் உனக்கு.” எல்லோரும் கை தட்டினார்கள்.

என்னைப் பார்த்துத் தட்டியவர்கள் ஆறு பேர். அவரைப் பார்த்துத் தட்டியவர்கள் பதினொரு பேர். ஒரு நாள் கணக்குதானே... சாம்பிள் போதாது!