இரண்டாம் நம்பர் பாட்டில்

என் தாய்மாமன் சொல்வதில் பாதியை நம்பக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல். வாசலில் நாய்க்குட்டி வந்திருக்கிறது என்பார். ஓடிப் போய்ப் பார்த்தால் அவருடைய பழைய ஷூ கிடக்கும். பள்ளிக்கூடம் லீவு என்று டிவியில் சொன்னார்கள் என்பார். நம்பி மறுபடி படுத்த அன்று முதுகில் அடி வாங்கியது நான். அடித்தது அம்மா. மாமா பக்கத்தில் நின்று, "அடிக்காதக்கா, பாவம், கொயந்த" என்று பரிந்து பேசுவார்.

அம்மாவுக்கு ஒரே தம்பி. ஐடிஐ முடித்துவிட்டுப் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கி, ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகப் பேக்கிங்கில் கான்ட்ராக்ட் ஆள். எனக்குப் பத்து வயது நடந்த அந்தக் கோடையில் அவருக்கு ஒரு வழி பிறந்தது. அதே கம்பெனியில் கார்களுக்கான கலர் கலர் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் லைனுக்குப் பர்மனென்ட் ஆள் எடுத்தார்கள். சூப்பர்வைசர் இவர் பெயரைச் சொல்லிவிட்டார். இன்டர்வியூவும் முடிந்துவிட்டது. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை மெடிக்கல் மட்டும் பாக்கி. அம்மா அதற்குள் பெண் தேட ஆரம்பித்திருந்தாள். பர்மனென்ட் என்ற சொல்லை மட்டும் சாமி பேரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்.

அந்த லீவில்தான் நான் குரோஷா பின்னல் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். எங்கள் மாடி போர்ஷனில் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர் குடியிருந்தார். செல்போன் கம்பெனியில் வேலை. அவர் தோளில் ஒரு பை தொங்கும். வெள்ளைப் பையில் சிவப்பும் நீலமுமாக மயில். தைத்ததும் இல்லை, அச்சடித்ததும் இல்லை. பின்னும்போதே நூலை மாற்றி மாற்றி உண்டாக்கிய மயில். எனக்கு அது வேண்டும் என்று அழாத குறையாகக் கேட்டேன். அக்கா தரவில்லை. ஊசி ஒன்றைக் கையில் கொடுத்து, "வேணும்னா நீயே பின்னிக்கிடு பிள்ள" என்றார். அவரும் ஹாஸ்டலில் இருந்தபோது போனில் பார்த்துப் பழகியவர்தான். எங்களைவிட ஒரு பை முன்னால் இருந்தார், அவ்வளவுதான்.

எங்களை என்று சொன்னேன். மாமாவும் வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் ஒரு ஊசி வாங்கித் தாருங்கள் என்று அவர் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாடி வீட்டுப் பெண்ணுக்காகத்தான் இந்தத் திடீர் ஆசை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அந்த அக்கா பேச்சுக்கு ஒரு "அண்ணே" போட்டதில் அம்மாவின் சந்தேகம் இரண்டே நாளில் தீர்ந்தது. பிறகு இதுவும் மாமாவின் கூத்துகளில் ஒன்று என்று விட்டுவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே படம். வெள்ளைப் பையில் ஒரு மாமரம். கீழே காப்பிக் கலரில் அடிமரம், மேலே பச்சையில் இலைக்கூட்டம். என் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அக்கா ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து கொடுத்தார். ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி. வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் படித்துக்கொண்டே சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். வெள்ளையில் பின்னும்போது பச்சை நூலை வெட்டிவிடக் கூடாது. அது வெள்ளைக் கண்ணிகளுக்குள்ளேயே ஒளிந்து கூட வரும். பச்சை வேண்டிய இடத்தில் அது மேலே வரும், வெள்ளை உள்ளே போய்விடும். "உள்ள வச்சுப் பொதிஞ்சு போடணும், வெளிய தெரியக் கூடாது" என்பார் அக்கா.

கேட்க எளிதாக இருக்கிறது. என் கையில் அது படாத பாடு பட்டது. ஒளிந்து வரும் நூலை இறுக்கி இழுத்ததில் பையின் அடிப்பாகம் சுருங்கி இட்லித் தட்டுபோல ஆனது. நிறம் மாற்றுவது அதைவிட மோசம். அடுத்த கண்ணி காப்பிக் கலர் என்றால், முந்தின வெள்ளைக் கண்ணியை முடிக்கும் கடைசி இழுப்பிலேயே காப்பிக் கலரை எடுத்துவிட வேண்டும். நான் எப்போதும் ஒரு கண்ணி தாமதமாகத்தான் விழித்துக்கொள்வேன். என் அடிமரம் குடித்துவிட்டு வந்த ஆள்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே வளர்ந்தது.

மாமாவுக்குக் கை அருமையாகப் படிந்தது. டிராயிங் பார்த்து வேலை செய்து பழகியவர், எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் கலர் போட்ட கட்டங்கள் வேண்டாம் என்றார். "எங்க கம்பெனி டிராயிங்ல நம்பருதான் போட்டுக்கும்" என்று சொல்லி, எல்லாக் கட்டத்திலும் என்னையே நம்பர் எழுத வைத்தார். வெள்ளை ஒன்று, பச்சை இரண்டு, காப்பிக் கலர் மூன்று. நூல் சிக்காமல் இருக்க மூன்று தண்ணீர் பாட்டில்களை அடியில் வெட்டி, நூல்கண்டை உள்ளே போட்டு, மூடியில்லாத வாய் வழியாக நூலை வெளியே எடுத்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் மார்க்கர் பேனாவால் நம்பர். எந்த பாட்டிலில் எந்த நூல் என்று என்னைத்தான் போடச் சொன்னார். நான் மூன்று நூலையும் மடியில் போட்டு, சிக்கெடுத்துச் சிக்கெடுத்தே பாதி நாளைக் கழிப்பவள். அந்த பாட்டில்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

இடையில் எங்களுக்கு ஒரு விளையாட்டும் உண்டு. பச்சையிலும் காப்பிக் கலரிலும் விரல் நீளத்துக்குத் துண்டு நூல்களை வெட்டிக் கலந்து வைத்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் போய் ஒவ்வொன்றாகப் பிடித்து, "இது பச்ச, கரெக்ட்டா?" என்பார். முதலில் பாதிக்குப் பாதி தப்பு. நான் கெக்கலி கொட்டுவேன். மூன்றாவது வாரத்தில் தப்பு குறைந்துவிட்டது. எனக்கு அது சப்பென்று போய்விட்டது. தப்பு சொன்னால்தானே விளையாட்டு. "மாமா, முன்னாடி மாதிரியே விளையாடு" என்று சிணுங்கினேன். அவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "பயக்கினா வந்துடுது பாப்பா" என்றார்.

இதற்குள் அவர் என்னை ஏமாற்றியது வேறு கதை. நூல் ரொம்ப நேரம் கண்ணிக்குள்ளேயே கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும், பத்துக் கண்ணிக்கு ஒருதரம் வெளியே எடுத்துக் காற்று காட்டு என்று சொல்லியிருந்தார். நானும் எடுத்து எடுத்துக் காட்டினேன். ஒரு நாள் மாடி அக்கா என் பையைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க வளையம் வளையமாக நூல் தொங்கியது. காரணத்தைச் சொன்னேன். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவையும் பிரிக்க வேண்டியதாயிற்று. எனக்கும் கண்ணில் தண்ணீர்தான். பதிலுக்கு அவரை ஏமாற்றுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மாமா அடிமரத்தை முடித்து, காப்பிக் கலர் நூலை வெட்டிவிட்டிருந்தார். இனி இலைதான். அவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்த நேரம், இரண்டாம் நம்பர் பாட்டிலிலிருந்த பச்சையை மூன்றாவதிலும், மூன்றாவதிலிருந்த காப்பிக் கலரை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டேன். சாயந்தரம் வந்து ஊசியில் நூலை மாட்டியதும் கத்தப்போகிறார், நான் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட வேண்டும் என்பது திட்டம்.

மாமா வந்தார். டீ குடித்தார். டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து இரண்டாம் நம்பர் பாட்டிலிலிருந்து நூலை இழுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் விசில் அடித்துக்கொண்டே பின்ன ஆரம்பித்தார். ஒரு சுற்று முடிந்தது. காப்பிக் கலர் அடிமரத்தின் மேல் காப்பிக் கலர் இலை. இப்போது கத்துவார், இப்போது கத்துவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று சுற்று ஆயிற்று. லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்டார். கண்டுபிடித்துவிட்டார், கண்டுபிடித்துவிட்டு என்னையே திருப்பி ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். சரி, நானும் வாய் திறக்கப் போவதில்லை. சனிக்கிழமை சாயந்தரமும் உட்கார்ந்து பையை முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்பு கொதிக்கும் நேரத்தில், அப்பா, அம்மா, மாடி அக்கா எல்லாரையும் கூப்பிட்டுப் பையை விரித்துக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஒரு கண்ணி பிசகவில்லை. ஓரமெல்லாம் ஸ்கேல் வைத்தது மாதிரி இருந்தது.

அம்மாதான் முதலில் பேசினாள். "இன்னாடா இது, மரம் பட்டுப் போயி கீது?"

"பட்டுப் போச்சா?"

"எலைல்லாம் காப்பிக் கலர்ல கீதே."

மாமா அம்மாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அதற்குள் நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என்னையும் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஏங்க்கா, நம்ப கம்பெனி ரோட்டு மரத்த நீ பாத்ததே இல்லியா? லாரி போற போக்குல எல்லா மரமும் இந்தக் கலருலதான் கீது" என்றார்.

வீடே சிரித்தது. அதிகம் சிரிக்காத அப்பாகூட, "மச்சானுக்கு மட்டும் எங்கருந்துதான் வருதோ" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். உண்மைதான், மெயின் ரோட்டு மரங்கள் அப்படித்தான் இருக்கும். மழை பெய்தால்தான் அவை பச்சை என்று தெரியும்.

மறுநாள் மாமா இஸ்திரி போட்ட சட்டையில் மெடிக்கலுக்குக் கிளம்பினார். அம்மா நெற்றியில் விபூதி வைத்து அனுப்பினாள். மதியம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். தலைமுடி ஈரமாக இருந்தது. மெடிக்கலுக்குப் போகவில்லை, மணிமங்கலம் போய் ஏரியில் குளித்துவிட்டு வந்தேன் என்றார். அம்மா முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு உட்கார்ந்து அழுதாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வெளயாடாம இருக்க முடியாதாடா உன்னால?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அப்பா பொங்கல் வரை அவரோடு பேசவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம். பர்மனென்ட் ஆனதும் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு ஒரு தண்ணீர் கேன் வண்டியில் சேர்ந்தார். பிறகு சொந்தமாகவே ஒரு வண்டி. இப்போது மண்ணூரில் வீடு, அத்தை, இரண்டு குழந்தைகள். அத்தை கறிகாய் வாங்க அந்தப் பையைத்தான் எடுத்துப் போகிறார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கண்ணி விடவில்லை. வாழ்க்கை கெட்டுப் போகவில்லை. ஆனால் அம்மா இன்றைக்கும் யாராவது பர்மனென்ட் என்றால் தம்பியை ஒரு பார்வை பார்ப்பாள்.

போன மாதம் எனக்கு ஒரு கம்பெனியில் மெடிக்கல் நடந்தது. ரத்தம், எடை எல்லாம் எடுத்தபின், கண்ணுக்கு நிறம் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு புத்தகத்தை விரித்து வைத்தார்கள். பக்கம் முழுக்கப் பச்சையும் பழுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள். உள்ளே இருக்கும் நம்பரைச் சொல்லுங்கள் என்றார்கள். கடகடவென்று சொன்னேன். மூன்றாவது பக்கத்தில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. நம்பர் தெளிவாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அது மட்டும் இல்லை. நம்பர் எழுதிய பாட்டில்கள், ஜன்னல் ஓரத்துத் துண்டு நூல்கள், பழகினால் வந்துவிடும் என்ற அந்தச் சந்தோஷம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மேடம், நம்பர் தெரியுதா என்று அந்த நர்ஸ் இரண்டு தரம் கேட்டார்.

சாயந்தரம் மாமா போன் செய்தார். "இன்னா பாப்பா, பாஸா?"

"பாஸ் மாமா."

"அந்தப் புள்ளி புள்ளியா கீற புக்கு, இன்னும் வச்சிகினு கீறாங்களா?"

"ஆமா மாமா."

"நம்பர்லாம் தெரிஞ்சுதா உனுக்கு?"

"தெரிஞ்சுது."

"அப்ப சரி" என்றார். மெடிக்கலுக்கே போகாதவருக்கு அந்தப் புத்தகம் தெரிந்திருக்கிறது; அதற்கு முன்பே எங்கேயோ யாரோ அவரிடம் விரித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் பாட்டிலை மாற்றியதைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதேன்.

பாட்டிலை மாற்றியதற்காக மட்டும் அழவில்லை. நான் மாற்றாவிட்டாலும் அந்தப் புத்தகம் அவரை விட்டிருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சிரித்து முடித்துச் சாப்பிடப் போன பிறகு, மாமா என்னை மட்டும் ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"பாப்பா, இந்த எல இன்னா கலரு?"

"நீயே சொல்லு மாமா" என்றேன்.

பையை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். அடிமரத்தையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தெரியல பாப்பா" என்றார்.

வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவர் என் ஒருத்தியிடம் சொன்னார். அவர் செய்த கூத்துகளிலேயே இதுதான் பெரிய கூத்து என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விக்கல் எடுக்கும்வரை சிரித்தேன். நான் சிரித்து முடிக்கும்வரை மாமா காத்திருந்தார். பிறகு என் முதுகைத் தட்டி, தண்ணீர் குடி, குழம்பு ஆறிவிடும் போ என்றார்.