அத்தை போகச் சொன்ன படிப்பு

எழுபதுகளின் தொடக்கம். கீழ்க்கட்டளையில் நானும் என் மாமியாரும் மட்டும் இருந்தோம். கல்யாணமான மறுவருடமே கணவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை. குத்தகைக்கு விட்ட நிலத்தில் வந்த நெல்லை வைத்துக் காலம் ஓடியது.

தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், நர்ஸ்களுக்கு உதவியாக இருக்கப் பெண்களை எடுத்துப் பயிற்சி தருவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல பெயர் வாங்கினால் நர்ஸ் படிப்பிலேயே சேர்த்துக்கொள்வார்களாம். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அத்தையிடம் சொன்னேன்.

"ஊரான் பீயை அள்றதுக்கா உன்ன இந்த வூட்டுக்குக் கூட்டியாந்தேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், சில நாள் பேசவே இல்லை. ஆனாலும் போனேன்.

முதல் நாள் பெட்பேனைக் கழுவிவிட்டு வாந்தி எடுத்தேன். போகப் போகப் பழகிவிட்டது. எழுந்திருக்க முடியாதவர்களை வலிக்காமல் புரட்டவும், ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றவும், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்ளவும் கற்றேன். தொடை எலும்பு முறிந்து கிடந்த ஒரு பெரியவர், "இந்தப் பொண்ணு புரட்டினா வலியே தெரியல" என்று டாக்டரிடம் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது மனசு நிறைந்திருந்தது. கணவர் போனபிறகு அப்படி இருந்தது அதுதான் முதல்முறை.

அடுத்த வருடம், நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் கூப்பிட்டார். "உனக்கு நர்சிங்ல சீட் கெடச்சிருக்கும்மா. ஜூலைல ஹாஸ்டலுக்கு வந்துடணும்" என்றார்.

ஜூன் மாதம் அத்தை கிணற்றடியில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, வாய் கோணிவிட்டது. எந்த வேலைக்காக என்னோடு பேசாமல் இருந்தாரோ, அதையெல்லாம் அவருக்கே செய்தேன். நான் துடைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

ஹாஸ்டலுக்குப் போகவேண்டிய வாரம், கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். இடது கையால் கிண்ணத்தைத் தள்ளினார்.

"நீ போ" என்றார் குழறிக்கொண்டே. "போய்ப் படி. என் தங்கச்சி கீறா. அவ வந்து பாத்துக்குவா."

"சித்திக்கு உங்களைப் புரட்டத் தெரியாது அத்தை. முதுகெல்லாம் புண்ணாயிடும்."

"ஆனா ஆவட்டும். நீ போ."

நான் போகவில்லை. அடுத்த வருடம் சேர்ந்துகொள்கிறேன் என்று மேட்ரனிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் நான் இங்க இருப்பேனான்னு தெரியாதே" என்றார். அப்படியே ஆயிற்று. அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு என்னைத் தெரியாது.

அத்தை பல வருடம் படுக்கையில் கிடந்தார். ஒரு புண்கூட வரவில்லை. அவர் கண்மூடியபோது, படிப்பில் சேரும் வயதை நான் தாண்டியிருந்தேன். அதே ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தேன். உதவியாளராகவே ஓய்வு பெற்றேன். நான் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்த பெண்கள் சிலர் பிறகு நர்ஸாகி, எனக்கே வேலை சொன்னார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அத்தையைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், அன்று அவர் மனதாரச் சொன்னதை ஏதோ நோயாளியின் பேச்சு என்று நினைத்துவிட்டேன். தன் உடம்பு புண்ணானாலும் பரவாயில்லை என்று ஒருவர் எனக்கு வழிவிட்டும், அந்த வழியில் ஓர் அடிகூட வைத்துப் பார்க்கவில்லையே என்ற வருத்தம், வயது ஏற ஏறக் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.