இன்னும் ரெண்டு சால்வை

ஆரம்பாக்கம் மெதடிஸ்ட் சபையில் எங்கள் போதகருக்குப் பாராட்டு விழா. அவர் பல சபைகளை மேற்பார்க்கும் மாவட்டக் கண்காணிப்பாளராக உயர்ந்திருந்தார். மின் பொறியாளரான நான் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டேன். ஆளுயர மாலை, கேக், அவர் முகம் போட்ட பேனர், சால்வைகளோடு நீண்ட வரிசை, எதற்கும் குறைவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் வேலை பார்த்த எங்கள் சபையார் ஒருவரை அன்று மாலை அடக்கம் செய்ய வேண்டும். விழா முடிந்ததும் வருவதாகப் போதகர் சொல்லியிருந்தார். பொழுது சாய்ந்தும் விழா முடியவில்லை. இறந்தவரின் மனைவி எஸ்தர் அக்காவே மேடைக்கு வந்துவிட்டார்.

“ஐயா, இருட்டிக்கினு வருது. குழி வெட்டிட்டு நிக்கிறாங்க.”

“இன்னும் ரெண்டு சால்வைதாம்மா. ஆண்டவர் காரியத்துல அவசரப்படலாமா?” என்றார், மைக்கிலேயே. என் ஒலிபெருக்கி அதைச் சாவு வீடு வரை தெளிவாகக் கொண்டுபோனது.

“நீங்க போத்திக்கினே இருங்க ஐயா. எங்க ஊட்டுக்காரருக்கு நானே ஜெபம் பண்ணிக்கிறேன்.”

மைக்கை அணைத்துவிட்டு அக்காவோடு நடந்தேன்.

குழியை மண்ணால் மூடிய பிறகு, சால்வை கசங்காமல் போதகர் வந்து சேர்ந்தார். “ஜெபம் பண்ணலாமா?”

“ஆய்டுச்சி ஐயா” என்றார் அக்கா.

அடுத்து அவர் பேராயர் ஆவார் என்கிறார்கள். ஆகட்டும், தோளில் இன்னும் இடம் இருக்கிறது. என் கண்ணில் நிற்பது, மண் ஒட்டிய கைகளைக் கூப்பி அன்று ஜெபித்த எஸ்தர் அக்காதான்.