அப்பாவை எழுதிய அக்கா

அந்தப் பொத்தானை அழுத்தியது அப்பாதான். பேராவூரணிக் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே பலகை வைத்து மறைத்த இடத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றின் முன்னால் அக்கா உட்கார்ந்திருக்க, நானும் அப்பாவும் அவளுக்குப் பின்னால் நின்றோம். எழுதியதையெல்லாம் கடைசியாக ஒருமுறை பார்த்து முடித்தவள், "நீங்களே அழுத்துங்கப்பா" என்று சொல்லி எழுந்துகொண்டாள். அப்பா அன்று காலை தோப்பில் தேங்காய் வெட்டுக்கு நின்றுவிட்டு அப்படியே வந்திருந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எதையோ உடைத்துவிடுவோமோ என்ற பயத்தில் மவுஸை மெல்ல அழுத்தினார். திரையில் நிறம் மாறி ஒரு வாக்கியம் வந்தது.

"அவ்வளவுதானா பாப்பா?"

"அவ்வளவுதாம்ப்பா. போயிருச்சு."

"அமெரிக்காவுக்கா?"

அக்கா தலையாட்டினாள். அப்பா கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு விஷயம் தெரியாது என்பதுகூட அப்பாவுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தஞ்சாவூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தாள். கணக்கு அவளுக்கு விளையாட்டு மாதிரி. விடுமுறைக்கு வந்தால் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எதையாவது போட்டுக்கொண்டே இருப்பாள், அம்மா கூப்பிடுவது காதில் விழாது. இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடி வழிகாட்டும் ஒரு மேடம் சென்னையில் இருந்தார். அமெரிக்காவில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னவர் அவர்தான். உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிப்பார்கள், மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள், எடுத்துவிட்டால் ஏழைப் பிள்ளையின் முழுச் செலவும் அவர்களுடையது. ஜனவரியில் எல்லோரோடும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அல்லது நவம்பர் தொடக்கத்திலேயே முந்திக்கொண்டு, உங்களிடம் மட்டும்தான் வருவேன் என்று எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்கலாம். டிசம்பரில் முடிவு தெரிந்துவிடும். கிடைத்தால் வேறு எங்கும் போகக்கூடாது. அக்கா இதை வீட்டில் விளக்கியபோது அப்பா, "அப்ப இது நிச்சயதார்த்தம் மாதிரி. கை நனைச்சாச்சுன்னா மாறக்கூடாது" என்றார். அம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி.

அப்பா பொத்தானை அழுத்திய அந்த நவம்பர் பாதிகூடக் கழியவில்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் விடுதியில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள், அக்காவும் வந்துவிட்டாள். காற்று ஒரு பக்கமிருந்து அடித்து, நின்று, முடிந்துவிட்டது என்று நாங்கள் மூச்சுவிட்ட பிறகு எதிர்ப்பக்கமிருந்து திரும்ப அடித்தது. முதல் காற்றில் ஆட்டங்கண்ட மரங்களெல்லாம் இரண்டாவதில் போயின. விடிந்து கதவைத் திறந்தபோது எனக்கு முதலில் எங்கே நிற்கிறோம் என்றே புரியவில்லை. பிறந்ததிலிருந்து எங்கள் வாசலில் நின்றால் தென்னைதான் தெரியும். அன்று மெயின் ரோடு தெரிந்தது. அதற்கும் அப்பால் பக்கத்து ஊர் மாதா கோயிலின் கோபுரம் அடியிலிருந்து நுனிவரை தெரிந்தது. அப்பா தோப்புக்குள் போனார். நடக்க வழியில்லாததால் ஒவ்வொரு மரமாக ஏறி ஏறி இறங்கினார். திரும்பி வந்து, "கன்னு வச்சாலும் காய்க்க வருசக்கணக்காகும்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அழவில்லை. அவர் அன்றைக்கே அழுது தீர்த்திருக்கலாம் என்று அம்மா பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வாரம், மரம் அறுக்க ஆள் வந்திருந்த ஒரு முற்பகலில், வேர்க்கிறது என்று சொல்லிக் கீழே உட்கார்ந்த அப்பா அப்படியே சாய்ந்தார். சாலையெல்லாம் மரம் கிடந்ததால் ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. டிராக்டர் டிரெய்லரில் பாயை விரித்துப் படுக்க வைத்தோம். தலை அக்காவின் மடியில் இருந்தது. வழியில் கிடந்த மரங்களை ஆட்கள் இறங்கி இழுத்துப் போட்டுப் போட்டு வண்டி ஊர்ந்தது. பட்டுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிவதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் பங்குக் கோயிலின் கூரைத் தகடுகள் காற்றில் போயிருந்தன. மேலே வானம் தெரிய, வெயிலில்தான் அப்பாவுக்கு அடக்கப் பூசை நடந்தது.

டிசம்பர் நடுவில் முடிவு வந்த நாளன்று எங்கள் வீட்டுக்கு இன்னும் மின்சாரம் திரும்பவில்லை. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தஞ்சாவூர் போனாள். பள்ளி அலுவலகத்தில் சிஸ்டர் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டு, எங்களைத் தனியே விட்டு வெளியே போனார். கறுப்பு உடையில் அக்கா ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். படித்தாள், திரும்பவும் படித்தாள். எடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஜனவரியில் வரும் விண்ணப்பங்களோடு சேர்த்து மறுபடி பார்ப்பார்களாம், அதற்குள் புதிதாக ஏதாவது தெரிவிக்க வேண்டியிருந்தால் எழுதி அனுப்பலாமாம்.

சென்னை மேடத்துக்கு அங்கிருந்தே போன் செய்தாள். அவர் நல்லவர். அப்பாவின் செய்தி கேட்டு அழுதவர். இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு அரிசியும் போர்வையும் அனுப்பிவைத்தவர். நான் பக்கத்தில் நின்றதால் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"அப்பாவைப் பத்தி எழுதும்மா. இரக்கம் கேக்கறதா நினைக்காத. உனக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாம அவங்க எப்படி முடிவு பண்ணுவாங்க?"

அது நியாயமான பேச்சு. இன்றைக்கு யோசித்தாலும் அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அக்கா தன்னால் முடியாது என்றாள். "அப்பா செத்ததை மார்க் ஷீட் மாதிரி அனுப்பச் சொல்றாங்கம்மா." அம்மா தன்னோடு சேர்ந்து கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. மகள் தூரதேசம் போவதை முதலிலிருந்தே விரும்பாதவள் அம்மா. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"எழுது. அந்த மனுசன் உனக்குக் குடுக்க வேற எதை வச்சுட்டுப் போனாரு? தோப்பும் போச்சு. இதாவது உனக்கு ஆகட்டும்."

அந்த வருடம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டவில்லை. அந்த நாட்களில்தான் அக்கா எழுதினாள். முதலில் எழுதியது நீளமாக இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லுவாள். அதில் அப்பா உயிரோடு இருந்தார். பூசைப் பாட்டில் எல்லோருக்கும் முந்தி அடுத்த வரிக்குப் போய்விட்டு, திரும்பிப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். ஞாயிறுதோறும் விடுதிக்குப் போன் செய்து, சாப்பிட்டியா என்று கேட்டபின் வேறு பேச்சில்லாமல் லைனிலேயே நிற்பார். மீன் வாங்கினால் தலையை யாருக்கும் தரமாட்டார். மேடம் படித்துவிட்டு, அருமையாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு நீளம் அங்கே யாரும் படிக்க மாட்டார்கள், பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும் என்று சொன்னார். அக்கா வெட்ட ஆரம்பித்தாள். "இதை எடுத்துரலாமாடி?" என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டாள். எனக்கு எதை எடுக்கவும் மனம் வரவில்லை, எதை வைக்க வேண்டும் என்றும் தெரியவில்லை. பாட்டு போனது. போன் போனது. மீன் போனது. கடைசியில் காற்றும், விழுந்த மரங்களும், டிராக்டரும், மகளின் மடியும் மிஞ்சின. படித்தால் யாரும் அழுதுவிடுவார்கள். ஆனால் அதில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த வருடம் எங்கள் பக்கத்தில் செத்த எந்தத் தகப்பனாகவும் அவர் இருக்கலாம். அக்கா அதை அனுப்பினாள். இந்த முறை அவளே அழுத்தினாள்.

வேறு கல்லூரிகளுக்கு அவள் எழுதவில்லை. மற்ற விண்ணப்பங்களுக்கான கெடு ஜனவரி முதலிலேயே முடிந்திருந்தது. வீட்டில் அந்தச் சமயம் இழுத்துப் போட்டுச் செய்ய அவளை விட்டால் ஆளில்லை. பரீட்சை முடிந்து மார்ச் கடைசியில் வீட்டுக்கு வந்திருந்தவள், மோட்டார் கொட்டகை அருகே உட்கார்ந்து அம்மாவின் போனில் முடிவைப் பார்த்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை. முகத்தைப் பார்த்து நானாகத்தான் போனேன். நாலைந்து வரிகளில் மரியாதையான ஒரு பதில். வருத்தம் தெரிவித்திருந்தார்கள், எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பாவையும் எழுதிக் குடுத்துப் பாத்தேன்டி" என்றாள். "அதுவும் பத்தல."

கோபமாகச் சொல்லவில்லை. உப்புப் பத்தவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். அதை இன்றுவரை நான் அம்மாவிடம் சொன்னதில்லை.

அக்கா தஞ்சாவூரிலேயே கல்லூரியில் கணக்கு எடுத்துப் படித்தாள், நன்றாகத்தான் படித்தாள். இப்போது அங்கேயே ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. காலையில் ஸ்கூட்டியில் போகிறாள், வருகிறாள். அமெரிக்கா போயிருந்தால் அம்மாவை யார் பார்த்திருப்பார்கள், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று உறவினர்கள் சொல்வார்கள், அவளும் ஆமாம் என்பாள். அவளைப் பார்த்தால் எதையும் இழந்தவளாகத் தெரியாது. ஒன்றே ஒன்றுதான். அம்மா அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அக்கா எழுந்து போய்விடுவாள். துக்கம் இன்னும் ஆறவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு முறை ஊருக்கு வரும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவளே சொன்னாள். "அப்பாவ நெனச்சா அப்பா வரமாட்டேங்கறாருடி. அந்த இங்கிலீஷ்தான் வருது. ஒரு வார்த்தை மாறாம அப்படியே வருது." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஒரத்தநாடு தாண்டி வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது.

தோப்பில் மறுபடி கன்று வைத்தோம். சில மரங்கள் பாளை விட்டிருக்கின்றன. பக்கத்து ஊர்க் கோபுரம் பாதி மறைந்துவிட்டது. அப்பாவின் நினைவுப் பூசைக்கு வருடந்தோறும் அக்கா வருவாள், ஒரு நாள் இருந்துவிட்டுத் திரும்புவாள். இந்த முறை அவளை பஸ் ஏற்றிவிட நடந்து போகும்போது, இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்பாள் என்றுதான் நினைத்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"சும்மாதான். எனக்கு ஞாபகம் இருக்கறவரைக்கும் எழுதி வச்சுரலாம்னு."

பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

"எவ்வளவு நீளம் வேணாலும் எழுது" என்றாள். "ஆனா அதை வச்சு யார்கிட்டயும் எதுவும் கேட்டுராத."