இடது கன்னம்

பத்து இழுப்பு. சவர பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்து, குஞ்சத்துக்குள் இரும்புச் சீப்பை விட்டு, மேலிருந்து கீழாகப் பத்து முறை இழுக்கிறாள். பிறகு மேசையில் விரித்த கறுப்புத் துணியின் மேல் மூக்கு உரசக் குனிகிறாள். ஒரே ஓர் இழை உதிர்ந்திருந்தாலும் அந்த பிரஷ் கழிவுக் கூடைக்குப் போய்விடும். எதுவும் உதிராவிட்டால் பிழைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. எதுவும் உதிராதது அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தேகம். இன்னொரு பத்து இழுப்பாள்.

நீளமான கொட்டகை. ஒரு கோடியில் செயற்கை இழைகளைக் கத்தையாகக் கட்டுகிறார்கள். நடுவில் கத்தையைப் பசை தடவிக் கைப்பிடிக்குள் இறக்குகிறார்கள். மறுகோடியில், ஜன்னலோரம், இவளுடைய மேசை. இவள் கையைத் தாண்டாமல் ஒரு பிரஷ்கூட அட்டைப்பெட்டிக்குள் போக முடியாது. கொட்டகை முழுக்க இவளுக்குப் போலீஸ் அக்கா என்றுதான் பெயர். பெயர் வைத்தது பசை ஒட்டுகிறவள்தான் என்று பதினோரு வருடமாகச் சந்தேகப்படுகிறாள். சாட்சி இன்னும் கிடைக்கவில்லை.

வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பாள். யாராவது புடவை நன்றாக இருக்கிறது என்றால், முந்தானையில் கறை இருக்கிறதா என்று தேடுவாள். சூப்பர்வைசர் ஒருநாள் சும்மா, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டார். "ஏன், யாரு என்ன சொன்னா?" என்றாள்.

பிரஷ் விஷயத்தில் மட்டும் இந்தச் சந்தேகம் சாஸ்திரம்போல ஆகிவிட்டது. ஒரு வியாபாரி மாதிரிக்கு ஒரு பிரஷ் கொண்டுவந்து, அசல் மிருக முடி, கையால் பொறுக்கியது என்று அளந்துகொண்டிருந்தார். போலீஸ் அக்கா குஞ்சத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினாள். முடி கருகும் நாற்றம் வரவில்லை. நுனி உருகி, கடுகுபோல உருண்டு நின்றது.

"என்ன மிருகங்க இது?" என்று கேட்டாள். "வெயில்ல நின்னா வழிஞ்சிடுமே."

அவளுக்குச் செயற்கை இழைமேல் கோபம் இல்லை. பெயரை மாற்றிச் சொல்வதுதான் பிடிக்காது. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் குஞ்சத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "எவ்ளோ மெத்துன்னு இருக்கு!" என்பார்கள். "புதுசுல எல்லாமே மெத்துன்னுதான் இருக்கும், புது மாப்பிள்ளை மாதிரி. நனைச்சு, சோப்பு போட்டு, உதறிப் பாரு. நுரை வருதா, குஞ்சம் நிமிருதா, தண்ணியைக் கக்கிட்டு நிக்குதா. அப்பத்தான் குணம் தெரியும்" என்பாள்.

இத்தனை சந்தேகத்துக்கும் விதை போட்டவர் வீட்டில் இருக்கிறார். அவளுடைய அப்பா பழைய மரச்சாமான்களை ஏலம் விட்டவர். மூன்று கால் மேசையை நாலு கால் மேசையாக விற்கும் வாய். வாங்கினவர் வந்து கேட்டால், "நாலாவது கால் வழியில எங்கயாவது விழுந்திருக்கும், தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். அந்த வாய் போன மழைக்காலத்தில் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. பக்கவாதம். இடது கை எழும்பவில்லை. இடது கன்னத்தில் உணர்ச்சி இல்லை. குரல் வலது ஓரமாக வழிந்து வந்தாலும் பேச்சு மட்டும் குறையவில்லை.

கன்னத்தில் உணர்ச்சி இல்லாவிட்டால், சாப்பிடுவது உள்ளே தங்குவது தெரியாது. அது நேரம் பார்த்து மூச்சுக்குழாயில் இறங்கும். அதனால் அப்பாவுக்கு எல்லாமே கூழாக அரைத்துத்தான். நான்கு மாதத்துக்கு முன்னால், "ஜம்முன்னு தெரியுது டாக்டர், எறும்பு நடந்தாக்கூடத் தெரியும்" என்று அவர் அளந்து விட்டார். டாக்டரம்மா நம்பினார். மகளும், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு சொல்லைச் சோதிக்காமல் நம்பினாள். மறுநாள் காலை ஒரு ரொட்டித் துண்டு. நான்கு நாள் ஆக்சிஜன்.

இப்போது மறுபடியும் வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். உடற்பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண், "அக்கா, உணர்ச்சி திரும்புற மாதிரி இருக்கு. பஞ்சால தொட்டா கரெக்டா சொல்றாரு" என்கிறாள். டாக்டரம்மா தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அவர் சொல்றது எனக்கு வேண்டாம். நீங்க பாத்துச் சொல்லுங்க."

தினமும் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவது அவள்தான். சோதனையும் அங்கேயேதான். கண்ணை மூடச் சொல்லி, அவருடைய பழைய பன்றிமுடி பிரஷ்ஷால் கன்னத்தைத் தொடுவாள். "எந்தப் பக்கம்ப்பா?" அப்பா பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னார். அதுவே அவளுக்கு உறுத்தியது. கழிவுக் கூடைக்கு எதுவுமே போகாத நாள் மாதிரி.

ஒருநாள் பிரஷ்ஷை இடது கன்னத்துக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள். நனைந்த குஞ்சத்திலிருந்து ஒரு சொட்டு அவர் கழுத்தில் விழுந்தது. கழுத்தில் அவருக்கு உணர்ச்சி உண்டு.

"இடது!" என்றார் அப்பா, ஏலம் முடிந்த குரலில்.

மறுநாள் உலர்ந்த பிரஷ்ஷை எடுத்தாள். அது தாடி முள்ளில் உரசி, காதோரம் சரசரவென்றது. "இடது!"

ஆகவே அவளுக்கு ஒரு பிரஷ் தேவைப்பட்டது. சொட்டக் கூடாது. சத்தம் போடக் கூடாது. முள் இல்லாத கன்னத்தில்தான் சோதிக்க முடியும் என்பதால், சவரம் முடிந்து டீ குடித்து முடிப்பதற்குள் உலர்ந்துவிட வேண்டும். விலங்கு முடி தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஊறிக்கிடக்கும். செயற்கை இழை உதறினால் விட்டுவிடும். மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில், தான் தேற்றிய பிரஷ்களையே மறுபடி எடுத்துச் சோதித்தாள். நனைத்து, மூன்று உதறு உதறி, செய்தித்தாளில் அழுத்துவாள். ஈரம் பதிந்தால் தள்ளுபடி. உலர்ந்ததும் காதோரமாகத் தாளில் இழுப்பாள். ஓசை கேட்டால் தள்ளுபடி. எழுபதுக்கும் மேல் தள்ளுபடி ஆன பிறகு ஒன்று மிஞ்சியது. அதற்கு நாற்பது இழுப்பு. ஒன்றும் உதிரவில்லை.

சூப்பர்வைசரிடம் அதைக் கேட்டபோது பசை ஒட்டுகிறவள் கையை அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "என்னக்கா, நீங்களே ஒண்ணை நம்பிட்டீங்களா?"

"நம்பல. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்கப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவை முழுக்கச் சவரம் செய்தாள். புது பிரஷ் கொஞ்சம் சோப்பிலேயே நுரையைக் குவித்தது. அலசி, உதறி, ஆணியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். டீ முடிந்தது. குஞ்சத்தை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள், ஈரமில்லை. மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பினாள். அப்பாவின் கண்மேல் துண்டை மடித்துப் போட்டாள்.

"கள்ளனைப் பிடிச்சு உக்கார வச்ச மாதிரி பண்றியே," என்றார்.

"கள்ளன் இவ்ளோ பேசமாட்டான்ப்பா."

எந்த வரிசையில் தொடுவது என்று முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். தன் ஆசை தன் கையை எங்கேயும் இழுத்துவிடக் கூடாது. வலது, இடது, இடது, எதுவுமில்லை, வலது...

பத்து முடிந்தது. வலது கன்னத்தில் நான்கையும் சரியாகச் சொன்னார். இடது நான்கில் இரண்டுதான். தொடாத இரண்டு முறையும் "இடது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

"தொடவே இல்லப்பா."

"தொட்ட மாதிரி இருந்துச்சும்மா."

"கன்னத்தையும் ஏலம் விடாதீங்கப்பா. போன தடவை வித்தது போதும்."

அப்பா துண்டுக்கு அடியிலிருந்து சொன்னார்: "ஒரு வாய் கடிச்சுச் சாப்பிடணும். கடக்குமுடக்குனு சத்தம் கேக்கணும். கூழைக் குடிச்சுக் குடிச்சு எனக்குப் பல்லு எதுக்குன்னே மறந்துடுச்சு."

அவள் பிரஷ்ஷை அவர் முகத்துக்கு மேலாகக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். டாக்டரம்மாவுக்கான தாளை எடுத்து, தேதி போட்டு, 'உணர்ச்சி இல்லை' என்று எழுதத் தொடங்கினாள். அப்பா புலம்பிக்கொண்டே இருந்தார். அரைக்கும் இயந்திரத்தைத் திட்டினார். அதைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். திட்டிக்கொண்டே வலது கையைத் தூக்கினார். அந்தக் கை மூக்கைத் தாண்டி, இடது கன்னத்தில் உதட்டோரமாக எதையோ சுண்டிவிட்டு, மறுபடி மடிக்குத் திரும்பியது. பேச்சு ஓரிடத்திலும் அறுபடவில்லை.

பென்சில் நின்றது.

அவர் மார்பில் விரித்திருந்த நீலத் துணியில் ஒரு வெள்ளை இழை கிடந்தது. நாற்பது இழுப்பில் உதிராத பிரஷ் இப்போது ஒன்றை உதிர்த்திருக்கிறது. அவளுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். கழிவுக் கூடைக்குப் போக வேண்டியதைத் தேற்றிவிட்டோமே என்ற வெட்கம். பிறகுதான் அந்தக் கை எங்கே போய்வந்தது என்பது உறைத்தது.

மின்விசிறியைப் பார்த்தாள். நின்றுதான் இருந்தது. ஜன்னலும் சாத்தியபடியே. துண்டு கண்ணைவிட்டு விலகவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் அப்பா. "எழுதிட்டியா? எழுது, எழுது. மகளே எனக்குப் போலீஸா வந்து பொறந்திருக்கா..."

அவள் இரண்டு நகங்களால் அந்த இழையை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து, அவருடைய இடது கன்னத்தில், அதே உதட்டோரத்தில், அதை மறுபடியும் வைத்தாள்.