ஓமப் புகையும் ஒட்டுத் தரையும்

பசுமைக் கட்டடச் சான்றிதழ் என்றால் வாசலில் மாட்டுகிற பலகை என்றுதான் எங்கள் முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். சங்கராபுரம் சாலையில் அவர் கட்டிய கல்லூரியில் வந்திறங்கும் பொருள்களைச் சரிபார்க்கும் பொறியாளர் நான். கல்வராயன் மலை தெரியும் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, ஒன்றைக்கூடத் திறக்க முடியாதபடி அடைத்த மேதாவி அவர்.

தரைக்கு, முதுகுத் தாளை உரித்தால் ஒட்டிக்கொள்ளும் விரிப்புச் சதுரங்கள். அந்தப் பசையிலிருந்து கெட்ட ஆவி கசியக் கூடாது என்பது சான்றிதழ் விதி. ஆய்வகச் சோதனைத் தாள் இல்லாமல் வந்த இரண்டு லோடுகளைத் திருப்பி அனுப்பினேன்.

"பசைய மோந்து பாக்கறதுக்கா இன்ஜினியருக்குப் படிச்ச?" என்றார் முதலாளி. சுற்றி நின்ற ஜால்ராக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தரை ஒட்டிய மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. டின் பசையோடு வருஷக்கணக்கில் வேலை செய்து அவருக்கு இளைப்பு வந்திருந்தது. "இதுல தலை சுத்தலீங்க மேடம். வூட்டுக்குப் போனா சோறு எறங்குது" என்றார். அடுத்துக் கட்டப்போகும் விடுதிக்கும் இதே விரிப்பு, வேலையும் அவருக்கே என்று பேச்சு. இனி டின் பசைப் பக்கமே போக வேண்டாம் என்று அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

சான்றிதழுக்காகக் கூடத்துக் காற்றைச் சோதிக்க ஆள் வரும் நாள் எல்லோருக்கும் முன்பே தெரியும். அன்று காலையில்தான் நல்ல முகூர்த்தமாம். மூடிக் கிடந்த அதே கூடத்தில் முதலாளி கணபதி ஓமம் வளர்த்தார். நெய், சமித்து, கற்பூரம், சாம்பிராணி. எதிரே நின்றவர் முகம் தெரியவில்லை. கூரையில் இருந்த புகை அலாரம் கத்தாமலிருக்க அதன்மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். அந்த டேப்புக்கும் சோதனைத் தாள் கிடையாது.

மதியம் சோதிக்க வந்தவர் காற்றை அளக்கும் பெட்டியை வைத்தார். எல்லா அளவும் எல்லை தாண்டியது. கண்ணைக் கசக்கிக்கொண்டே பிரசாதச் சுண்டலைத் தின்றவருக்குக் காரணம் மட்டும் தெரியவில்லை! நீங்களே எழுதுங்கள் என்று படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"ஓமம்னு எழுதிடாத. சாமி காரியத்தப் போயி கொறை சொல்ற மாதிரி ஆயிடும். தரை மேல போடு" என்று முதலாளி தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, மேஸ்திரி தான் ஒட்டிய தரையைத் தானே உரித்துக்கொண்டிருந்தார். விடுதி வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. என்னைப் பார்த்ததும் ஒரு சதுரத்தை எடுத்து நீட்டினார்.

"மோந்து பாருங்க மேடம். இன்னா வாசன வருது?"

"சாம்பிராணி."

"அத எழுதுனீங்களா?"

அதுவரை முதலாளியைக் கேவலமாக நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. 'தரைப் பசை' என்றுதான் எழுதியிருந்தேன், கீழே என் கையெழுத்தோடு.