தாமான் பிடித்தவன்

முக்கூடல் சுடலைராஜுக்கு டார்லினைக் கண்டாலே வயிறு எரியும். பதினான்கு வருஷமாகத் தூத்துக்குடித் தோணியில் கிடக்கிறவன் சுடலைராஜ். முதலில் சோறு பொங்கினான், பிறகு கைத்தோல் உரியக் கயிறு இழுத்தான், நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. மணப்பாட்டுக்காரன் டார்லினுக்கோ, வந்த இரண்டாம் வருஷமே தோணியை நடத்தும் தண்டேல் ஞானையா சுக்கானைக் கொடுத்துவிட்டார். சுடலைராஜ் கேட்டதற்கு, "அவன் கடல்ல பொறந்தவன். நீ வயக்காட்டுல பொறந்தவன்லா" என்றார். ஒவ்வொரு நடை முடிந்து வீடு திரும்பும்போதும், பீடி சுற்றிக்கொண்டே மனைவி தனலட்சுமி கேட்பாள்: "இந்தத் தடவையாவது சுக்கானத் தந்தாகளா?"

அந்தச் சித்திரையில் மாலத்தீவில் பாதிச் சரக்கை இறக்கிவிட்டு, மீதியோடு தெற்கே இன்னொரு தீவுக்குப் போகையில் நடுவழியில் இஞ்சின் நின்றுபோனது. பாயை ஏற்றினார்கள். சித்திரைக் காற்றுக்கு ஒரு நிலை கிடையாது. மேற்கிலிருந்து வரும் கச்சான் என்று நம்பினால் வடக்கத்தி வாடையாகத் திரும்பும். திடீரென்று செத்துக் கிடக்கும். முன்னால் பவளப்பாறைகளுக்கு நடுவே குறுகலான வழி. டார்லின் சுக்கானில் நின்றான். பாயை இறுக்கித் தளர்த்தும் தாமான் கயிறு சுடலைராஜ் கையில்.

தோணியில் ஒரு முறை உண்டு. சுக்கான் பிடிப்பவன் சொல்லாமல் தாமானைத் தளர்த்தக் கூடாது. ஆனால் கண்ணில் பட்டதைக் கூவிச் சொல்லியாக வேண்டும்.

மேற்கே தண்ணீர் கருத்ததை முதலில் பார்த்தவன் சுடலைராஜ்தான். மலையிலிருந்து இறங்கும் காற்று கார்நெல்லை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு வயலைக் கடந்து வருமே, அதே வரி. டார்லின் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுடலைராஜ் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கடல்ல பொறந்தவன்லா, பாக்கட்டும்.

காற்று அறைந்தது. தோணி ஒருபக்கமாகச் சாய்ந்து மூடைகள் சரிந்தன. சுக்கான் உதறியதில் டார்லினின் மணிக்கட்டு பிசகியது.

"தாமான விடுங்கண்ணே!"

விட்டான். தோணி நிமிர்ந்தது. பாறை நாலு முழத்தில் ஒதுங்கிப்போனது.

"காத்து வருதது தெரியலையாலே?" தண்டேல் கத்தினார்.

"கண்ணு பாறையில இருந்துச்சு அண்ணாச்சி. எந் தப்புதான்," என்றான் டார்லின். "அண்ணன் சொன்ன ஒடனே விட்டாரு, பொழச்சோம்."

தண்டேல் திரும்பினார். "ஏலே சுடலை, நீ சுக்கானப் பிடி."

பிடித்தான். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே டார்லின் உட்கார்ந்தான். "பைய, அண்ணே. நல்லாத்தான் பிடிக்கிய."

அந்தப் பாராட்டு சுடலைராஜை இன்னும் எரித்தது. கடல்தான் இவனுக்கு என்றால், அடுத்தவனைத் தூக்கிப் பேசும் மனசும் இவனுக்குத்தானா? இதிலாவது இவனிடம் தோற்கக் கூடாது.

"அண்ணாச்சி," என்றான், "காத்து வருதத நான் முன்னாலயே பாத்தேன். வேணும்னுதான் சொல்லல."

தண்டேல் டார்லினின் வீங்கிய கையைப் பார்த்தார். பிறகு, "இவன் கை ஆகாது. ஊர் சேருத வரைக்கும் நீயே பிடி. சேந்ததும் எறங்கிரு. எந் தோணியில நீ வேண்டாம்" என்றார்.

"எதுக்குண்ணே சொன்னிய?" டார்லின் கேட்டான். உண்மையாகவே வருத்தப்பட்டான். அதையும் சுடலைராஜால் பொறுக்க முடியவில்லை.

தீவில் சரக்கை இறக்கி, இஞ்சினைப் பழுதுபார்த்துக் கிளம்பினார்கள். தூத்துக்குடி சேரும்வரை, கொஞ்சம் தூங்கு என்று தண்டேலே வந்து கேட்டபோதும், சுக்கானை விட்டுக்கொடுக்கச் சுடலைராஜுக்கு மனசு வரவில்லை.